கட்டாயத் தண்ணீர்ப் பந்தல்

என் அக்கா கனகாம்பாளுக்குக் கோபமே வராது என்று ரங்கூன் தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவளுக்கும் வரும். ஆனால் வந்த கோபத்தை ஏதாவது ஒரு வேலையாக மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். எங்கள் வீட்டில் சுபாவத்தைப் பாகம் பிரித்தபோது கத்துவதும் திட்டுவதும் ஸ்டியரிங்கைக் குத்துவதும் என் பங்குக்கு வந்தன. மிச்சத்தையெல்லாம் அவள் எடுத்துக்கொண்டாள். அவள் கதையை அவளே எழுதினால் நிதானமாக இருக்கும். கேட்டுப் பார்த்தேன், எழுதமாட்டாளாம். ஆகவே டாக்சி ஓட்டுகிற நான் எழுதுகிறேன். நிதானத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் அவள் கனகாம்பாள். சர்க்கார் தாளில் டோ நீலா, நீலா அம்மாள் என்று அர்த்தம். இங்கே பர்மாவில் எங்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர். நான் வீட்டில் குழந்தைவேலு, டாக்சி ஸ்டாண்டில் கோ வேலு, அதாவது வேலு அண்ணன். எங்கள் அப்பா அய்யாசாமி ரங்கூன் முனிசிபாலிட்டியில் சாக்கடைப் பிரிவு மேஸ்திரி. மகள் சாக்கடைப் பக்கமே போகக்கூடாது என்றுதான் அவளைப் படிக்கவைத்தார். அவள் படித்து, பட்டம் வாங்கி, திரும்பவும் சாக்கடையில்தான் போய் இறங்கினாள். அதைப் பார்க்க அவர் இல்லை.

எண்பத்தெட்டில் அக்கா தாவரவியல் இரண்டாம் வருடம். அந்த வருடம் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சிப்பாய்கள் சுட்டார்கள், பல்கலைக்கழகத்தை இழுத்துப் பூட்டினார்கள். பிறகு திறந்தார்கள். மறுபடி பூட்டினார்கள். பெட்டிக்கடைக்காரன்கூட இவ்வளவு சுலபமாகக் கடையை மூடமாட்டான். மூன்று வருடப் படிப்பை அவள் முடித்து வெளியே வந்தபோது, அவளோடு பள்ளிக்கூடம் போனவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். டியூட்டர் வேலை கிடைத்தது. கிடைத்ததும் திரும்பப் பூட்டு. வருடக்கணக்கில் மாணவர் இல்லாத ஆசிரியையாக இருந்தாள். வேறு யாராவது என்றால் வேலையை விட்டுவிட்டு ஆப்பக்கடை போட்டிருப்பார்கள். இவள் வீட்டு மாடியில் தொட்டிச் செடி வைத்து அதற்கே பாடம் நடத்தினாள்.

இரண்டாயிரத்தில் கல்லூரிகளைத் திறந்தார்கள். ஆனால் எங்கே? ஊர் நடுவில் இளைஞர்கள் கூடினால்தானே வம்பு? ஆகவே ஷ்வேப்யிதா தொழிற்சாலைகளையும் தாண்டி, நெல்வயலில் மண்ணைக் கொட்டி, இருந்த மரத்தையும் வெட்டிவிட்டு ஒரு வளாகம் கட்டினார்கள். அதன் பெயரை எழுதமாட்டேன். அப்படிப்பட்ட வளாகங்கள் ஊரைச் சுற்றிலும் இருந்தன, எதுவாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போட்டார்கள் அக்காவை. விடிந்ததும் இரண்டு பஸ் மாறிப் போவாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் விரிவுரையாளர் ஆனார்கள். அவள் டியூட்டராகவே இருந்தாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் அவள் முதுகுக்குப் பின்னால் 'கலாமா' என்பார்கள். இந்தியக்காரி என்று அர்த்தம், ஆனால் அவர்கள் சொல்லும்போது அதற்கு அர்த்தம் வேறு.

அந்த வளாகத்தில் இரண்டு விஷயம் அவளை வதைத்தன. ஒன்று, நிழல் இல்லை. இரண்டாயிரத்து ஐந்து கடைசியில் நாடு முழுக்கக் காட்டாமணக்கு நடச்சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. விதையிலிருந்து டீசல் எடுத்து வண்டி ஓட்டப் போகிறோமாம். கல்லூரியிலும் வகுப்புக்கு இத்தனை கன்று என்று நடவைத்தார்கள். மாணவர்களை ஐந்தைந்து பேராகக் குழு பிரித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். நடப்பட்ட கன்றுக்கு யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றச்சொல்லி உத்தரவு வரவில்லையே! வெயில் காலம் முடிவதற்குள் எல்லாம் குச்சி. அந்தக் குச்சிகளில் பையன்கள் கைலியைக் காயப்போட்டார்கள்.

இரண்டாவது, குடிதண்ணீர். குழாயில் துரு வந்தது. காசுள்ள பிள்ளைகள் கேன்டீனில் பாட்டில் தண்ணீர் வாங்கினார்கள், இல்லாதவர்கள் குழாயில் குடித்து வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். காலி பாட்டில், சாதம் கட்டிய பிளாஸ்டிக் பை எல்லாம் ஓடைக்குள் போயிற்று. கேன்டீனைக் குத்தகை எடுத்தவர் ஒரு பெரிய இடத்து மைத்துனர். அவர் பாட்டில் விற்பதும், பாட்டில் ஓடையை அடைப்பதும், ஓடை பொங்கி வகுப்பறைக்குள் வருவதும் மழை வருவதைப் போல இயற்கையான காரியம் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறு மழைக்காலத்தில் தண்ணீர் ஆய்வகத்துக்குள் வந்து நுண்ணோக்கிப் பெட்டிகளை நனைத்தது. அக்கா புகார் கொடுக்கவில்லை. இரண்டாம் வருடத்து வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய் ஓடைக்கரையில் நிறுத்தினாள்.

"ஸயாமா, இன்னிக்கு ப்ராக்டிகல் இல்லையா?" என்று ஒருத்தன் கேட்டான். ஸயாமா என்றால் ஆசிரியை.

"இதுதான் ப்ராக்டிகல்."

"இது சாக்கடை. தாவரவியல் இல்லையே!"

"அதுல பாசி இருக்கா? பாசி தாவரமா? இறங்கு."

முதலில் அவள் இறங்கினாள். பெண்கள் கட்டும் கைலியான தமேனை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, அப்பாவின் மகளாக. ஸயாமா இறங்கியபின் கரையில் நிற்க எந்தப் பர்மியப் பிள்ளைக்கும் மனம் வராது, மரியாதை அப்படி. இறங்கினார்கள், முணுமுணுத்துக்கொண்டு அள்ளினார்கள். அடுத்த மாதமே ஓடை பழையபடி அடைத்துக்கொண்டது. இழுத்துப் பிடித்து வேலை வாங்கினால் ஒருநாள்தான் நடக்கும், காட்டாமணக்குக் கதைதான் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. அன்றிலிருந்து யாரையும் எதையும் செய்யச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள். வகுப்பில், விருப்பமுள்ளவர்கள் மட்டும் என்று சொல்லி ஒரு விளையாட்டு அறிவித்தாள். "ஒரு வாரம் நீங்க தின்னது குடிச்சது எதுல வந்துச்சோ, அத எங்கயும் போடாதீங்க. ஷான் பைக்குள்ளயே வச்சிருங்க. அடுத்த வாரம் கொண்டாங்க." எல்லோரும் தோளில் மாட்டித் திரிகிற அந்தத் துணிப்பையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாக வைத்திருப்பார்கள் என்று தெரிந்தால்தான் இதிலுள்ள குறும்பு விளங்கும். பதின்மூன்று பேர் முன்வந்தார்கள். அந்த வாரம் கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஃபெரி பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அடுத்த வாரம் பைகளைத் தரையில் கொட்டினார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியதாம். பிரித்து வைத்துப் பார்த்தால் மலை மாதிரி கிடந்தது தண்ணீர் பாட்டில்தான்.

"வெறும் தண்ணி குடிக்கவா இவ்ளோ குப்ப?" என்றாள் சைதா. மொகல் தெருப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதியில் பர்மிய மொழிக்குத் தாவிவிடும்.

அப்போது ஸேயா என்கிற பையன் சொன்னான்: "எங்க ஊர்ல யாரும் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டாங்க, ஸயாமா. தெரு முக்குக்கு முக்குப் பானை இருக்கு." அவனுக்கு த்வாண்டே, நெல் விவசாயம் செய்கிற குடும்பம். பானைக்குப் பேர்போன ஊர்.

வாயைத் திறந்தால் அது உத்தரவாகிவிடுமே என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாளாம். அதற்கு மேல் பேசியதெல்லாம் அவர்களே. அவர்களே கைக்காசு போட்டார்கள். ஸேயாவும் இன்னும் இரண்டு பேரும் போய்ப் படகில் பானை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். படித்துறையிலிருந்து கல்லூரி வரைக்கும் என் டாக்சி. ஓசிச் சவாரிதான். பின்சீட்டில் வைக்கோல் சுற்றிய பானைகளும் அவற்றை அணைத்துக்கொண்டு மூன்று பேரும். ஒவ்வொரு பள்ளத்திலும் மூன்று பேரும் என்னைத் திட்டினார்கள். நானும் அவர்களைத் திட்டினேன். அவ்வளவு சந்தோஷமான சவாரி என் வண்டியில் அதற்கு முன்னும் பின்னும் இல்லை.

மூங்கில் வெட்டிப் பந்தல் போட்டார்கள். மணலும் கரியும் போட்ட ஒரு பானையில் தண்ணீரை வடித்து மற்றப் பானைகளில் நிரப்பினார்கள். முறைபோட்டுக் காலையில் சீக்கிரம் வந்து நிரப்புவது, சனிக்கிழமை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைப்பது. யாரும் மார்க் போடவில்லை, வருகைப் பதிவு எடுக்கவில்லை. வெயிலில் வந்தவன் ஒரு குவளை மொண்டு குடித்தால் ஜில்லென்று இருந்தது. பாட்டிலை யார் வாங்குவார்கள்?

இனிதான் அந்தத் தவறு.

பர்மியர் ஒருவர் தானம் செய்தால் பெயர் எழுதாமல் இருக்கமாட்டார். தண்ணீர்ப் பானை ஆனாலும் பாலம் ஆனாலும், யார் கொடுத்தது என்று எழுதியாக வேண்டும். அதைப் பார்த்து மற்றவர்கள் 'ஸாது, ஸாது' என்று சொல்லிப் புண்ணியத்தில் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. நாம் மட்டும் என்ன? நம் கோயில் ட்யூப் லைட்டில் 'உபயம்' என்று குடும்பத்தோடு பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைத்தவர்கள்தானே? ஆகவே ஸேயா பலகையில் அழகான எழுத்தில் 'தண்ணீர்க் குழு' என்று தலைப்புப் போட்டு, பதின்மூன்று பேரின் பெயரையும் வகுப்போடு எழுதிப் பந்தலில் மாட்டியபோது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அக்காவும் பார்த்துச் சிரித்தாள். நானும் பார்த்தேன். கொடி மாதிரி சுழிபோட்டு எழுதியிருந்தான்.

மாணவர் சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே ஜெயில் என்கிற நாட்டில், ஐந்து பேருக்கு மேல் கூடி நின்றால் குற்றம் என்கிற ஊரில், பதின்மூன்று மாணவர்கள் தங்களை ஒரு குழு என்று அறிவித்து, பெயரும் வகுப்பும் எழுதிக் கல்லூரி நடுவே தொங்கவிட்டார்கள். தண்ணீர் கொடுத்த சந்தோஷத்தில் இது யாருக்கு உறைக்கும்? புண்ணியம் செய்பவன் பயப்படுவானா?

அடுத்த பருவத்தில் வேதியியல் பிள்ளைகள் தங்களுக்கும் ஒரு பந்தல் போட்டார்கள். பிறகு பர்மிய இலக்கியம், பிறகு கணிதம். ஒவ்வொன்றிலும் ஒரு குழு, ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. சனிக்கிழமை பானை தேய்க்க வரும் கூட்டம் ஓடையையும் அள்ளிவிட்டுப் போயிற்று. செத்த காட்டாமணக்கைப் பிடுங்கிவிட்டு வேம்பும் பாதாமும் வைத்தார்கள். பானை கழுவிய தண்ணீர் அவற்றுக்கு. அந்த மழைக்காலத்தில் ஆய்வகத்துக்குள் தண்ணீர் வரவில்லை. அக்கா அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு சின்னப் பெண்ணாக நான் பார்த்ததில்லை.

மைத்துனரின் பாட்டில்கள் கேன்டீனில் தூசி படிந்து நின்றன.

இரண்டாயிரத்து ஏழு செப்டம்பரில் புத்த பிட்சுக்கள் ஊர்வலம் போனார்கள். அவர்களையும் அடித்தார்கள், சுட்டார்கள். அதற்குப் பிறகு எங்கே யார் கூடினார்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் தேட ஆரம்பித்தார்கள். கல்லூரி திரும்பத் திறந்தபோது சாதா உடுப்பில் ஒருவர் கேமராவோடு வந்து பந்தல் பந்தலாகப் போனார். பலகைகளைப் படம் எடுத்தார். போகும்போது ஒரு பந்தலில் நின்று இரண்டு குவளை தண்ணீரும் குடித்தாராம். வயிறு எரிகிறது எனக்கு, இப்போது எழுதும்போதும்.

முதல்வர் அக்காவைக் கூப்பிட்டார். அனுமதியில்லாத குழுக்கள். முதலில் தொடங்கியது உங்கள் வகுப்பு. பதின்மூன்று பேரையும் நீக்கிவிட்டு, பெயர்களை மேலே அனுப்பச் சொல்லிவிட்டார்கள். மேலே என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். "உங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னு எழுதிக் குடுங்க, டோ நீலா. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது," என்றார். அவர் கெட்டவர் இல்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். பயந்தவன் செய்வதும் கெட்டவன் செய்வதும் ஒன்றாக இருக்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரு கேள்வி கேட்டாள். "காட்டாமணக்கு நட்டப்பவும் பிள்ளைங்களக் குழு குழுவாத்தானே பிரிச்சீங்க? அதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"அது உத்தரவு. உத்தரவுல செஞ்சா குழு இல்ல, வகுப்பு வேல."

"அப்போ உத்தரவுன்னா குத்தமில்ல."

"இல்ல."

"சரி," என்றாள் அக்கா. "இதுவும் உத்தரவுதான். நான் போட்டது. செய்யலைன்னா ஃபெயிலாக்குவேன்னு மிரட்டி அந்தப் பதின்மூணு பேரையும் செய்யவச்சேன். பேர் எழுதச் சொன்னதும் நான்தான், யார் வேல செய்றா யார் ஏமாத்துறான்னு பாக்க. மத்த வகுப்புப் பிள்ளைங்க எங்களப் பாத்து ஏமாந்து போட்டதுங்க."

அதற்கு முதல்வர், விசாரணைக்கு மூன்று பேர் வருவார்கள் என்றும், பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதை வாய்விட்டுச் சொன்னால்தான் ஒப்புக்கொள்வார்கள் என்றும் சொன்னார். ஒருவன் மாற்றிச் சொன்னாலும் பதின்மூன்று பேரும் போவார்கள்.

பிள்ளைகளிடம் இதை எங்கே வைத்துச் சொல்வது? வகுப்பில் முடியாது, வீட்டில் கூட்டினால் தெருவில் ஒற்றன் இருக்கிறான். என் டாக்சிதான். பகலில், மூன்று மூன்று பேராக, ஒவ்வொரு முக்கில் ஏற்றி வேறு முக்கில் இறக்கினேன். முன்சீட்டில் அக்கா, பின்னால் அவர்கள். மீட்டர் இல்லாத வண்டி, எங்கே போகிறோம் என்று யாருக்கும் கவலையில்லை. எல்லோரிடமும் அக்காவுக்கு ஒரே பேச்சு: நான் கட்டாயப்படுத்தினேன், உங்களுக்குப் பிடிக்கவே இல்லை, அவ்வளவுதான் சொல்லவேண்டும். சைதா அழுதுகொண்டே, "ஸயாமா, அது பாவம், நா சொல்லமாட்டேன்," என்றாள். அக்கா திரும்பி அவள் கையைப் பிடித்து, "பாவத்த நான் எடுத்துக்கிறேன், நீ சொல்லு," என்றாள். சைதா தலையாட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஸேயா ஆட்டவில்லை.

அவனைத் தனியாகத்தான் ஏற்றினோம். இன்சின் ஜெயிலுக்குப் போகிற சாலையில் போய்க்கொண்டிருந்தோம். "மாட்டேன், ஸயாமா," என்றான். "பிறந்ததுலேருந்து எல்லாம் உத்தரவு. ரோடு போட வா, கைதட்ட வா, கன்னு நட வா. நானா ஆசப்பட்டுச் செஞ்சது இந்த ஒண்ணுதான். அதையும் கட்டாயம்னு சொல்லச் சொல்றீங்களா?"

"ஆமா."

"அத விட ஜெயில் மேல்."

அப்போதுதான் என் அக்காவின் கோபத்தை நான் பார்த்தேன். வண்டியை நிறுத்தச் சொன்னாள். முன்கதவைத் திறந்து இறங்கி, பின்கதவைத் திறந்து, ஓங்கி ஒரு அறை விட்டாள் அவனை. போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஜெயில் மேலா? பார்த்திருக்கியா நீ? என்கூட எண்பத்தெட்டுல படிச்சவங்க இப்பிடித்தான் பேசினாங்க. ஜெயில் வாசல்ல நின்னு அவங்க அம்மாக்களப் பாத்தவ நான். அங்க உன்ன உள்ள வச்சா உனக்குத் தண்ணி குடுக்க யாரு பானை வைப்பா? உன் ஒருத்தன் ரோசத்துக்கு மத்த பன்னெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவியா? நீ ஆசப்பட்டுத்தான் செஞ்சேன்னு எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரிஞ்சாப் போதும். அவனுங்களுக்கு ஏன் தெரியணும்? அவனுங்க யாரு?"

அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பின்கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். கடைசியில் அவன் இறங்கி நடந்துபோய்விட்டான். சொல்வானா மாட்டானா என்று எங்களுக்குத் தெரியாது. விசாரணை நாள் வரை அக்கா ஒரு வாய் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை.

விசாரணை அறையில் நடந்ததை சைதா பிறகு எனக்குச் சொன்னாள். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். அக்காவை ஒரு நாற்காலியில், பிள்ளைகளைப் பார்த்தபடி உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஸயாமா மிரட்டினார். ஸயாமா ஃபெயிலாக்குவேன் என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. பர்மியப் பிள்ளைகள் ஆசிரியை முன்னால் நிமிர்ந்துகூட நடக்கமாட்டார்கள், குனிந்துதான் கடப்பார்கள். அவர்கள் வாயால் இது. அக்கா ஒவ்வொருத்தர் சொல்லி முடித்ததும் மெல்லத் தலையசைத்தாளாம், பாடம் ஒப்பிக்கிற பிள்ளைக்குச் சரி என்று காட்டுவதைப் போல.

கடைசியில் ஸேயா. மேசையிலிருந்து ஒருவர், "பலகைல இவ்ளோ அழகா எழுதியிருக்கியே, இதுவும் பிடிக்காமத்தானா?" என்று கேட்டார்.

அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சொன்னான்: "நல்லா எழுதலைன்னா அந்தக் கலாமா அடிப்பா."

மேசையில் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கேஸ் முடிந்தது. பொய்க்கு உயிர் வரட்டும் என்று அவனாகத் தேடி எடுத்த சொல் அது. அக்கா அவனுக்கும் தலையசைத்தாள்.

பிள்ளைகளுக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம், மாணவர்களைத் துன்புறுத்தியது. பென்ஷன் கிடையாது. அன்றே பந்தல்களைப் பிரித்துப் பானைகளை உடைத்து ஓடையில் போட்டார்கள். பதின்மூன்று பேரும் பரீட்சை எழுதினார்கள், பட்டமும் வாங்கினார்கள். ஸேயா இப்போது மலேசியாவில். சைதாவும் அதே நாட்டில்தான், கல்யாணமாகிக் குழந்தையோடு பினாங்கில். எல்லோரும் கைக்கு எட்டாத தூரம் போகட்டும் என்றுதான் இவ்வளவு காலம் நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மே மாதம் நர்கிஸ் புயல் வந்தது. ரங்கூன் முழுக்க மரம் விழுந்து, கரண்டு போய், பம்ப்பு ஓடாமல் ஜனங்கள் வாளியோடு அலைந்தார்கள். பிறகு மேலிடத்திலிருந்து கல்லூரியைப் பார்க்க வந்த ஒரு பெரியவர், முன்பு இங்கே தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்களாமே, நல்ல காரியமாயிற்றே என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். போதாதா? உத்தரவு பறந்தது. எல்லா வகுப்பும் பந்தல் போடவேண்டும். போடாத வகுப்புக்கு மார்க் குறையும். சிமெண்டில் கட்டி, பளபளப்புக் கல் பதித்து, மேலே உபயம் என்று பெரிய அதிகாரிகளின் பெயர். பானையை நிரப்ப யாரும் தானாக வரவில்லை. அக்காவுக்கு இதைச் சொன்னபோது, வேலை போனபோதுகூட அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

"நான் சொன்ன பொய்ய அவனுங்க நெசமாக்கிட்டானுங்க, தம்பி," என்றாள்.

இரண்டாயிரத்துப் பத்தில், வெயில் காலம். ஷ்வேப்யிதா முக்கில் ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் என் வண்டியில் ஏறினார்கள். அந்தக் கல்லூரிப் பிள்ளைகள். பின்சீட்டில் ஒரே புலம்பல்: இன்றைக்கு எங்கள் முறை, பானை முழுக்கக் கொசுப்புழு, வாடை தாங்கவில்லை, அதைக் கவிழ்க்காவிட்டால் மார்க் போகும். கையில் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். குடித்து முடித்த ஒருவன் ஜன்னல் வழியாக வீசினான்.

"யாரு கண்டுபிடிச்ச தொல்ல இது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"உனக்குத் தெரியாதா? முன்னாடி இங்க ஒரு கலாமா இருந்தாளாம், பைத்தியக்காரி. பிள்ளைங்கள அடிச்சு உதச்சு பானை வைக்கவச்சாளாம். வேலைய விட்டே தூக்கிட்டாங்க," என்றான் மற்றவன்.

வண்டியை நிறுத்தினேன். திரும்பினேன். நடந்ததையெல்லாம் சொல்லிவிடத்தான் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அது இந்த மூன்று பேரோடு நிற்காது. கல்லூரிக்குப் போகும், முதல்வர் காதுக்குப் போகும், அந்தப் பழைய கேஸைத் திறப்பார்கள். அப்போது பதின்மூன்று பேரும் இங்கேதான் இருந்தார்கள்.

மூன்று முகமும் என்னைப் பார்த்தன. "என்ன ஆச்சு, அண்ணே?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்ல," என்றேன். "ஆமா, நானும் கேள்விப்பட்டிருக்கேன். ரொம்பப் பொல்லாதவளாம்." வண்டியை எடுத்தேன்.